பிட்டெஸ்ட்: குறை சொல்ல முடியாத கருவி, ஆனால் அந்த ரோஸ் வரி

தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் முனைவர் பட்டத்துக்கு மென்பொருள் சோதனையைத் தலைப்பாக எடுத்திருக்கிறார். "அண்ணே, பிட்டெஸ்ட் நீங்க ரொம்ப நாளா ஓட்டுறீங்கல்ல, எப்படி இருக்கு, நம்பி இறங்கலாமா?" என்று போன வாரம் கேட்டார். பிட்டெஸ்ட் என்பது ஜாவா நிரல்களுக்கான மியூட்டேஷன் டெஸ்டிங் கருவி. வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது, அதனால் இங்கே. மியூட்டேஷன் டெஸ்டிங்கை அடியிலிருந்து விளக்கப்போவதில்லை. நிரலில் வேண்டுமென்றே ஒரு சின்னப் பிழையை நுழைப்பது, நம் டெஸ்ட் அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். அப்படி மாற்றிய நிரல்தான் மியூட்டன்ட்: பிடித்தால் அது செத்தது, பிடிக்காவிட்டால் பிழைத்தது. டிமில்லோ, லிப்டன், சேவர்ட் மூன்று பேரும் 1978-லேயே எழுதிவைத்த யோசனை.

நான் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் துணிக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறேன். ஜாவாவில் எழுதியது, எனக்கு முன்னால் பலர் கை வைத்தது, முழுசாகத் தெரிந்தவர் யாரும் இப்போது இல்லை. கண்டாங்கிச் சேலைக் கடை, ரெடிமேட் கடை, இரண்டும் சேர்ந்த கடை என்று வாடிக்கையாளர்கள். ஆய்வுக் கட்டுரை படிப்பது ராத்திரி வேலை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபம் வந்துவிடும்.

சேலைக்கு ஜிஎஸ்டி துணிக் கணக்கில் வரும், விலை எவ்வளவானாலும் 5 சதவீதம். தைத்த சுடிதார், சட்டை என்றால் ஓர் உருப்படியின் விற்பனை மதிப்பு 1000 ரூபாய்க்கு மிகாதவரை 5, தாண்டினால் 12 என்று இருந்தது. 2017-ல் இருந்து 2025 செப்டம்பர் வரை இதுதான் கணக்கு. எங்கள் நிரலில் இதற்கு அப்போது ஒரே ஒரு ஒப்பீடு: 'ஆயிரத்தைவிடப் பெரியதா?' டெஸ்ட் இரண்டு இருந்தன, 800 ரூபாய்க்கு ஒன்று, 1500 ரூபாய்க்கு ஒன்று. கவரேஜ் அறிக்கை, அதாவது டெஸ்ட்கள் நிரலின் எவ்வளவு பகுதியை ஓட்டிப் பார்த்தன என்ற கணக்கு, 100 சதவீதம் காட்டியது. பிட்டெஸ்ட் அந்த ஒப்பீட்டை 'பெரியதா அல்லது சமமா?' என்று மாற்றி ஓட்டியது, இரண்டு டெஸ்டும் எதுவும் நடக்காததுபோல் பாஸ் ஆயின. சரியாக ஆயிரம் ரூபாய் எங்கே வரப்போகிறது என்று கேட்பவர்கள் ஆடித் தள்ளுபடியில் ஒரு கடைக்கு வந்து பார்க்கலாம். 1250 ரூபாய் சுடிதாருக்கு 20 சதவீதம் கழித்தால் சரியாக 1000. வரி 50 ரூபாயா 120 ரூபாயா என்பது அந்த ஒற்றைக் குறியில் இருக்கிறது. நிரல் அப்போது சரியாகத்தான் இருந்தது, ஆனால் அது சரியாகவே இருந்துகொண்டிருக்கும் என்பதற்கு எந்த டெஸ்டும் பொறுப்பேற்கவில்லை. ஆயிரத்துக்கும் ஒரு டெஸ்ட் எழுதிச் சேர்த்தோம்.

அதன் பலன் 2025 செப்டம்பரில் தெரிந்தது. 22-ஆம் தேதியிலிருந்து வரம்பு 2500, அதற்கு மேல் 18 சதவீதம். தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை, எல்லாக் கடைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் போன். ரெடிமேட் கடை ஆச்சி ஒருவர், "எனக்கு அந்தச் சட்டமெல்லாம் வேணாம் தம்பி, பில்லு சரியா வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். புதிதாகச் சேர்ந்த பையன் எண்களை மாற்றினான், மாற்றுகிற வேகத்தில் ஒப்பீட்டையும் 'பெரியதா அல்லது சமமா' என்று எழுதிவிட்டான். எல்லையில் நின்ற அந்த டெஸ்ட் உடனே சிவப்பு. 2500 ரூபாய் உருப்படிக்கு 125 வர வேண்டிய இடத்தில் 450 வந்தது. இது கடைக்குப் போயிருந்தால் தீபாவளிக் கூட்டத்தில் ஆச்சியிடம் நான் என்ன வாங்கிக் கட்டியிருப்பேன் என்று யோசிக்கவே வேண்டாம்.

மெய்ர் லேமன் 1970-களில் ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளம் எப்படி வளர்ந்தது என்று பார்த்துவிட்டுச் சில விதிகள் சொன்னார். உலகத்தோடு ஒட்டி இயங்கும் மென்பொருள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் பயன் குறைந்துகொண்டே போகும். மாற மாறச் சிக்கலும் கூடும், யாராவது மெனக்கெட்டுக் குறைத்தால் ஒழிய. மனிதர் ஜிஎஸ்டி கவுன்சிலைப் பார்க்காமலேயே எழுதிவிட்டார். இப்போது எங்கள் நிரலில் பழைய விகிதமும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது, ஏனென்றால் பழைய பில்லைத் திரும்ப அச்சடித்தால் பழைய வரிதான் வர வேண்டும். முன்பு ஒரு ஒப்பீடு இருந்த இடத்தில் இப்போது தேதிக்கு ஒன்று, மதிப்புக்கு ஒன்று. மியூட்டன்ட்களும் அதே அளவுக்குப் பெருகும்.

வேகம் பற்றிச் சுருக்கமாக. பிட்டெஸ்ட் பைட்கோடிலேயே (ஜாவா நிரலைக் கம்பைல் செய்தபின் கிடைக்கும் வடிவம்) மாற்றுவதால் ஒவ்வொரு மியூட்டன்ட்டுக்கும் கம்பைல் செய்ய வேண்டியதில்லை, அந்த வரியைத் தொடுகிற டெஸ்ட்களை மட்டும்தான் ஓட்டும். நன்றாகவே இருக்கிறது. பணத்துக்கு பிக்டெசிமல் (ஜாவாவில் துல்லியமான தசமக் கணக்குக்கான வகை) பயன்படுத்துகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: அதில் கூட்டலும் பெருக்கலும் + , * குறிகள் அல்ல, மெத்தட் (பெயரிட்ட நிரல் துண்டு) அழைப்புகள், இயல்பு அமைப்பில் பிட்டெஸ்ட் அந்தக் கணக்கை மாற்றிப் பார்ப்பதில்லை, தனியாக அதற்கான மியூட்டேட்டரை, அதாவது மாற்றும் விதியை, இயக்க வேண்டும். பில்லிங் மென்பொருளில் கணக்கைத்தானே முதலில் சோதிக்க வேண்டும்! போகட்டும்.

இப்போது அந்த ரோஸ் வரி.

தள்ளுபடி கழிக்கும் இடத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: தள்ளுபடி பூஜ்ஜியத்தைவிடப் பெரியது என்றால் விலையிலிருந்து கழி. பிட்டெஸ்ட் இதை 'பெரியது அல்லது சமம்' என்று மாற்றும். தள்ளுபடி பூஜ்ஜியம் என்றால் என்ன ஆகும்? பூஜ்ஜியத்தைக் கழிக்கும். விலை அதேதான். உலகத்தில் எந்த டெஸ்டும் இந்த மியூட்டன்ட்டைக் கொல்ல முடியாது, ஏனென்றால் கொல்வதற்கு அங்கே பிழையே இல்லை. ஆனால் அறிக்கையில் அந்த வரி அடர் ரோஸ் நிறத்தில் நிற்கும். ஆயிரம் ரூபாய் எல்லையில் நிஜமான ஓட்டை இருந்தபோதும் அதே ரோஸ், ஒன்றுமே இல்லாத இந்த வரிக்கும் அதே ரோஸ். எது எது என்று நாம்தான் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஷூலரும் ட்செல்லரும் 2010-ல் ஏழு ஜாவா நிரல்களில் இருந்து 140 மியூட்டன்ட்களை எடுத்துக் கையால் பார்த்தார்கள்: பிடிபடாதவற்றில் சுமார் 45 சதவீதம் இப்படிச் சமமானவை, ஒன்றைத் தீர்மானிக்கச் சராசரியாக 15 நிமிடம். என் அனுபவத்தில் அது நல்ல நாள் கணக்கு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் இன்னும் இழுக்கும்.

"அந்த நிபந்தனையே தேவையில்லையே, எடுத்துவிடு" என்பார்கள். சில இடங்களில் நியாயம்தான், நானும் எடுத்திருக்கிறேன், நிரல் சுருங்கியது. ஆனால் இந்த வரியில் வேறு கதை நடந்தது. கடைக்காரர்கள் கேட்டார்கள் என்று பில்லின் அடியில் 'நீங்கள் சேமித்தது' என்று ஒரு வரி அச்சிட ஆரம்பித்தோம், அது அந்த நிபந்தனைக்கு உள்ளேயே போனது. அந்த நிமிடத்திலிருந்து அந்த மியூட்டன்ட் சமமானது இல்லை, நிஜமானது: தள்ளுபடி இல்லாத பில்லிலும் 'நீங்கள் சேமித்தது ரூ. 0' என்று அடிக்கும். வாடிக்கையாளரைக் கேலி செய்கிற மாதிரி. அறிக்கையில் ஏதாவது மாறியதா என்றால், இல்லை. முன்பும் ரோஸ், பின்பும் ரோஸ். புதுப் பையன்தான் அறிக்கையைப் பார்த்து "இந்த வரி ஏன்ணே இப்படியே இருக்கு?" என்று கேட்டான், அதன் பிறகு ஒரு டெஸ்ட் வந்தது.

எனக்கு எரிச்சலே இங்கேதான். எது சமமானது என்று முழுக்கத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது, அது தீர்மானிக்கவே இயலாத கணக்கு என்பது 1980-களிலேயே நிறுவப்பட்டுவிட்டது, அதற்காகக் கருவியைத் திட்டுவது முறையில்லை. ஆனால் நான் பார்த்துத் தீர்மானித்ததை நினைவில் வைத்துக்கொள்ளலாமே? பழைய முடிவுகளைச் சேமிக்கும் வரலாற்று ஃபைல் இருக்கிறது, அது எந்த மியூட்டன்ட் செத்தது, எது பிழைத்தது என்பதைத்தான் வைத்துக்கொள்கிறது. ஒரு மெத்தடை மொத்தமாக விலக்கி வைக்க வழி இருக்கிறது, அப்படிச் செய்தால் ஆயிரம் ரூபாய் ஓட்டையும் சேர்ந்து மறைந்துவிடும். இலவசப் பிட்டெஸ்டில் நான் வேண்டுவது: இந்த ஒரு மியூட்டன்ட்டை இன்னார் இன்ன தேதியில் பார்த்தார், காரணம் இது, சுற்றியுள்ள நிரல் மாறினால் மறுபடி கேள். இவ்வளவுதான். அதை நான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் வைத்திருக்கிறேன், வரி எண் நகரும்போதெல்லாம் அதுவும் பிசகும்.

ஆய்வாளர்களுக்கு இந்த வலி ஏன் தெரிவதில்லை என்று யோசித்திருக்கிறேன். 2014-ல் இனோசெம்ட்சேவாவும் ஹோம்ஸும் ஐந்து பெரிய ஜாவா நிரல்களுக்கு 31,000 டெஸ்ட் தொகுப்புகளை உருவாக்கிப் பார்த்தார்கள், கவரேஜுக்கும் டெஸ்டின் திறமைக்கும் நெருங்கிய தொடர்பு இல்லை என்று சொன்னார்கள், அருமையான வேலை, என் 100 சதவீதக் கதையே அதற்குச் சாட்சி. அதே வருடம் ரெனே ஜஸ்ட் குழுவினர் 357 நிஜப் பிழைகளை எடுத்துப் பார்த்ததில் 73 சதவீதம் மியூட்டன்ட்களோடு இணைந்துபோனது, அதாவது அந்தப் பிழையைப் பிடிக்கிற டெஸ்ட் மியூட்டன்ட்டையும் கொன்றது. இந்த மாதிரி ஆய்வுகளில், கையில் இருக்கிற டெஸ்ட் எதுவும் கொல்லாத மியூட்டன்ட்டைச் சமமானது என்று ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடலாம், சதவீதம் பெரிதாக மாறாது. என்னால் அப்படி ஒதுக்க முடியாது. யாரும் கொல்லாமல் மிஞ்சியது எதுவோ அதைத் தேடித்தான் நான் இந்தக் கருவியையே ஓட்டுகிறேன். கட்டுரை ஒரு நாள் எடுத்த நிரலைப் பார்த்துவிட்டு முடிந்துவிடும். என் நிரல் அடுத்த ஜிஎஸ்டி கூட்டத்தோடு மறுபடி மாறும், மிச்சமிருந்த ரோஸ் வரிகள் எல்லாவற்றையும் முதலில் இருந்து பார்க்க வேண்டும்.

கூகுளில் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது, 2018-ல் எழுதியிருந்தார்கள்: மாற்றிய வரிகளுக்கு மட்டும், அதுவும் வரிக்கு அதிகபட்சம் ஒரு மியூட்டன்ட், நிரலைப் பரிசீலிக்கிற நேரத்திலேயே காட்டிவிடுவது. நானும் இப்போது மாற்றிய ஃபைல்களுக்கு மட்டும்தான் ஓட்டுகிறேன், மேவன் (ஜாவா நிரலைக் கட்டமைக்கும் கருவி) செருகியில் அதற்கு வழி இருக்கிறது. மொத்த நிரலுக்கும் ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பார்க்கிற வழக்கத்தை விட்டுவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு, ஒரே ஒரு டெஸ்ட் ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில் என்று ஆடினால்கூடப் பிட்டெஸ்ட் ஆரம்பத்திலேயே 'எல்லா டெஸ்டும் பச்சையாக இருக்க வேண்டும்' என்று நின்றுவிடும். பிரிண்டருக்குக் காத்திருக்கிற டெஸ்ட்கள் எங்களிடம் அப்படித்தான் ஆடும்.

சரி தம்பி, இறங்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். மேலே இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்றால், அது இன்றைக்கு நான் இருக்கும் மனநிலையாகவும் இருக்கலாம், காலையில் இருந்து ரோஸ் வரிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிட்டெஸ்டை வைத்து இன்னொரு சதவீதம் கணக்கிடுகிற ஆய்வு வேண்டாம், அதற்கு ஆட்கள் போதும் போதும் என்று இருக்கிறார்கள். சமமானது என்று மனிதர் சொன்ன தீர்ப்பு நிரல் மாறும்போது எத்தனை நாள் செல்லும் என்று பார்ப்பதாக இருந்தால் எடுங்கள், எங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டையும் தருகிறேன், கடைப் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு. என் மெஷினில் இருந்து பிட்டெஸ்டை எடுக்கப்போவதில்லை. உங்கள் லேப்டாப்பில் 16 ஜிபி ரேமாவது இருக்கட்டும், எட்டு பத்தாது.