பித்தளையா, குரோமா, பிளாஸ்டிக்கா? மூன்று பிரெஞ்சுத் தீயணைப்பு ஹெல்மெட்டுகள்

பிரான்சில் ஊருக்கு ஊர் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தைகளில், பீங்கான் தட்டுகளுக்கும் பழைய காபி அரைவை மிஷினுக்கும் நடுவே ஒரு தீயணைப்பு ஹெல்மெட் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று: 1885 மாடல், 1933 மாடல், 1985-இல் வந்த கல்லே எஃப்1. எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

பார்த்ததும் மனசைப் பறிப்பது 1885 தான். முழுக்கப் பித்தளை. உச்சியில் முன்னிருந்து பின்னாக ஓடும் முகடு, அதில் இலைக்கொடி வேலைப்பாடு. நெற்றித் தகட்டில் தீ கக்கும் கையெறி குண்டு, குறுக்கே இரண்டு கோடாலிகள், ஊரின் பெயர். தீயணைக்கப் போகிறவர் தலையில் வெடிகுண்டுச் சின்னம் எதற்கு என்று நானும் முதலில் குழம்பினேன். பிரான்சில் இவர்களைச் 'சப்பேர்-பொம்பியே' என்பார்கள். பொம்பியே என்றால் பம்பு அடிப்பவர். சப்பேர் என்பது பள்ளம் தோண்டி, சுவர் இடித்து வழி செய்யும் ராணுவப் பிரிவுக்காரர். தீ பரவாமல் இருக்கப் பக்கத்துக் கூரையை இடித்துத் தள்ளுவதும் வேலையில் பாதி என்பதால் கோடாலி ஒட்டிக்கொண்டது.

ராணுவ வாசனைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1810 ஜூலை 1 அன்று, நெப்போலியன் ஆஸ்திரிய இளவரசி மரீ லூயிஸை மணந்ததைக் கொண்டாட பாரிசில் ஆஸ்திரியத் தூதர் ஷ்வார்சன்பர்க் ஒரு நடன விருந்து வைத்தார். பந்தல் தீப்பிடித்துப் பலர் கருகினார்கள். தூதரின் அண்ணன் மனைவியும் அதில் ஒருவர். நெப்போலியன் அங்கேயே இருந்தார். அப்போதிருந்த தீயணைப்பு ஆட்கள் சொதப்பியதை நேரில் பார்த்தவர், 1811 செப்டம்பர் 18-இல் ஆணை போட்டுப் பாரிசுக்கு ராணுவத் தீயணைப்புப் படையை உருவாக்கினார். பாரிஸ் தீயணைப்பு வீரர்கள் இன்றைக்கும் ராணுவத்தினரே. ஹெல்மெட்டைப் பார்த்ததும் குதிரைப்படை ஞாபகம் வருவதில் வியப்பில்லை.

இந்தத் தோற்றம் கடல் தாண்டியும் போனது. லண்டன் தீயணைப்புத் தலைவர் மாஸி ஷா பாரிசில் பார்த்துவிட்டுப் போய், 1860-களில் தன் ஆட்களுக்கும் பித்தளை ஹெல்மெட் கொடுத்தார். அதன் முகட்டில் டிராகன் இருக்கும். டிராகனைக் காட்டி "பிரெஞ்சுச் சாமான்" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பித்தளையைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கியது அணிவகுப்புக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். பளபளப்பான உலோகம் அனல் வீச்சைத் திருப்பி அடிக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பித்தளை சூட்டையும் கடத்தும், கரண்டையும் கடத்தும். வீடுகளுக்கு மின்சாரம் வந்தபின், எரியும் அறையில் தொங்கும் ஒயர் ஒன்று உச்சந்தலையில் உரசினால் போதும். லண்டன் 1936-இல் பித்தளையைக் கைவிட்டுத் தக்கைக்கு மாறியது. பிரெஞ்சுக்காரர்கள் உலோகத்தை விடவில்லை.

1933 மாடலின் கதை இங்கேதான் சுவாரசியமாகிறது. முதல் உலகப்போரில் தலைக்காயங்களால் சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தபோது, 1915-இல் அட்ரியான் என்ற ராணுவ அதிகாரி இரும்பு ஹெல்மெட் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் முகட்டுக்கும் விளிம்புக்கும் முன்மாதிரி பாரிஸ் தீயணைப்பு வீரர்களுடையது. பதினெட்டு வருஷம் கழித்துக் கடன் திரும்பியது: 1933 ஹெல்மெட் அப்படியே அட்ரியானின் ஜாடை. முகடு தணிந்துவிட்டது, நகை வேலை போய்விட்டது. முதலில் பித்தளையில் வந்து, பிறகு நிக்கலும் குரோமும் பூசி வந்தது. உள்ளே நாக்கு நாக்காக வெட்டிய தோல், நடுவில் ஒரு கயிறு. இழுத்துக் கட்டினால் தலைக்கும் உலோகத்துக்கும் இடைவெளி கிடைக்கும். அவ்வளவுதான் பாதுகாப்பு. முகத்துக்கு மறைப்பு கிடையாது, மூச்சுக் கருவியின் முகமூடியை மாட்ட இடமும் கிடையாது. இதைப் போட்டுக்கொண்டு அரை நூற்றாண்டு நெருப்புக்குள் போயிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

எஃப்1-ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லியோனுக்கு வடக்கே ஷத்தியோன்-சூர்-ஷலரோன் என்ற சிற்றூரில் இருந்த கல்லே நிறுவனம் பாரிஸ் படையோடு சேர்ந்து வடிவமைத்தது. பிளாஸ்டிக் ஓடு, மேலே வெள்ளி நிறப் பூச்சு, காதையும் பிடரியையும் மூடும் வடிவம், அனலைத் திருப்பும் தங்கப்பூச்சு முகத்திரை, முகமூடியை இருபுறமும் கொளுவ இடம். விண்வெளிக்காரர் மாதிரி இருக்கும். பாதுகாப்பில் மற்ற இரண்டும் இதன் கிட்டே வர முடியாது. 1990-களில் பிரெஞ்சு ராணுவத்துக்கும் இதே நிறுவனம்தான் ஹெல்மெட் செய்தது. கொடுக்கல் வாங்கல் தொடர்கிறது பாருங்கள்.

ஆனால் அலமாரியில் வைக்க எஃப்1 எனக்குப் பிடிக்காது. 1996 மே 3 சட்டம் ஊர் ஊராக இருந்த தீயணைப்புக் குழுக்களை மாவட்ட நிர்வாகத்தின் கீழ் கொண்டுபோனது. நெற்றித் தகட்டில் ஊர் பெயர் போய் மாவட்டத்தின் பெயர் வந்தது. பழைய தகட்டில் இருநூறு வீடுள்ள கிராமத்தின் பெயர்கூட இருக்கும். அந்த ரொட்டிக்கடைக்காரரோ கொல்லரோ மணிச்சத்தம் கேட்டதும் எடுத்து மாட்டிய ஹெல்மெட் அது. எனக்கு வேண்டியது அந்தப் பெயர். அதனால் என் தேர்வு 1933.

அது 1885-இலும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, விலையும் போலியும் கூடவே இருக்கின்றன. வட இந்தியப் பித்தளைப் பட்டறைகளில் அலங்காரத்துக்குச் செய்த நகல்கள் எங்கும் சுற்றுகின்றன. தகடு மெலிசாக, எழுத்து மழுங்கலாக, உள்ளே தோல் புத்தம் புதுசாக இருந்தால் தொடாதீர்கள். 1933-இல் ஏமாற்று வேறு மாதிரி: கிராமத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு, பாரிசின் கப்பல் சின்னத் தகட்டை மாட்டி விலையை ஏற்றுவார்கள். தகட்டின் ஓரத்தைப் பாருங்கள். பழைய தகடு மறைத்திருந்த இடம் வேறு நிறத்தில் எட்டிப் பார்க்கும்.

வாங்கியபின் புளி போட்டுத் தேய்க்கும் ஆசையையும் அடக்குங்கள். குத்துவிளக்கு தாங்கும், நூறு வருஷம் தேய்ந்த எழுத்து தாங்காது.

நான் வாங்கியது பித்தளையில் வந்த ஒரு 1933. விற்ற பாட்டி, "துடைத்துத் தரட்டுமா, ஐயா?" என்று துணியைக் கையில் எடுத்தார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால் தோலில் மையால் 56 என்று அளவு எழுதியிருந்தது. என் தலை 59. பிள்ளைக்குச் சரியாக இருக்கிறது, கழற்ற மாட்டேன் என்கிறான்.