ஃபிஷ்மன்ஸ்: பல வருடம் கேட்ட பிறகு

ஃபிஷ்மன்ஸ் என்ற ஜப்பானிய ராக் குழுவைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் ஆல்பத்திலிருந்து கடைசிக் கச்சேரிப் பதிவு வரை வரிசையாகவும் கேட்டிருக்கிறேன், மனம் போன போக்கிலும் கேட்டிருக்கிறேன். இவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒன்று, 35 நிமிடம் ஓடும் ஒற்றைப் பாட்டு. மற்றொன்று, 33 வயதில் இறந்துபோன பாடகர். இரண்டும் முக்கியம்தான். ஆனால் நாள்படக் கேட்கிறவனுக்குப் பிடிபடும் விஷயம் வேறு. ஜமைக்காவிலிருந்து வந்த ரெக்கே இசையோடு தொடங்கிய இந்தக் குழுவில் ஆள் குறையக் குறைய, பாட்டுக்குள் இடம் கூடிக்கொண்டே போனது. ராக், ஃபங்க், எலெக்ட்ரானிக் எல்லாம் அந்தக் காலி இடத்தில்தான் வந்து உட்கார்ந்தன.

குழு தொடங்கியது 1987இல், தோக்கியோவின் மெய்ஜி காக்குயின் பல்கலைக்கழகத்தில். ஷின்ஜி சாட்டோ பாட்டும் கிடாரும், கென்சுகே ஒஜிமா கிடார், கின்-இச்சி மொதேகி டிரம்ஸ். அடுத்த வருடம் பேஸ் கிடாருக்கு யுஸுரு காஷிவபாரா வந்தார். 1990இல் கீபோர்டு வாசிக்க ஹகசே-சன் சேர, ஐந்து பேர் ஆனார்கள். 1991இல் 'சாப்பி, டோன்ட் க்ரை' என்ற முதல் ஆல்பம் வந்தது. அதைத் தயாரித்தவர் கஸுஃபுமி கொடாமா. எண்பதுகளில் ஜப்பானில் டப் இசையை வளர்த்த மியூட் பீட் குழுவின் ட்ரம்பெட் கலைஞர் அவர். இந்தத் தொடர்பைத் தெரிந்துகொண்டு கேட்டால் பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் வழி கிடைக்கும். டப் என்பது எழுபதுகளில் ஜமைக்காவில் செழித்த முறை. பாடி முடித்த பாட்டை எடுத்து, மிக்ஸிங் மேஜையில் குரலை அகற்றி, டிரம்ஸையும் பேஸையும் மட்டும் விட்டுவிட்டு, நடுவே ஒரு கிடார் துணுக்கையோ ஒரு சொல்லையோ எதிரொலிக்குள் தூக்கிப் போடுவார்கள். எதை எடுப்பது என்பதில்தான் அங்கே கலை இருக்கிறது.

முதல் ஆல்பம் இன்றைக்கும் வெயில் அடிக்கிற காலை நேரத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது. ரெக்கேக்கு முன்னோடியான ராக்ஸ்டெடியின் லேசான தாளம், சாட்டோவின் மெல்லிய உச்சக் குரல், எதற்கும் அவசரப்படாத பாட்டுகள். ஆனால் முழுதாகக் கேட்டால் பாதிக்கு மேல் கொஞ்சம் தொய்கிறது, வேகம் மாறுவதில்லை. 1992இல் வந்த 'கிங் மாஸ்டர் ஜார்ஜ்' பக்கம் நான் போவது அபூர்வம். நல்ல யோசனைகள் உண்டு, ஆனால் சிதறிக் கிடக்கின்றன.

1993இல் வந்த 'நியோ யாங்கீஸ் ஹாலிடே'யில்தான் பிடி கிடைக்கிறது. ஸாக் என்ற ஒலிப்பதிவுப் பொறியாளர் வந்தது பெரிய காரணம். டப் முறைப்படி அவரும் ஒரு வாத்தியக்காரர் மாதிரியே வேலை செய்கிறார். 'இகாரெதா பேபி' இந்த ஆல்பத்தில் இருக்கிறது. எத்தனை முறை கேட்டும் எனக்கு அலுக்காத பாட்டு. பாட்டின் மெட்டைக் குரல் பாதி, பேஸ் பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. காஷிவபாராவின் பேஸ் வாசிப்பை மட்டும் தனியாக முணுமுணுத்துப் பாருங்கள், அதுவே ஒரு பாட்டாக நிற்கும்.

இங்கே ஒரு நடைமுறை விஷயம் சொல்லியாக வேண்டும். இந்தக் குழுவைக் கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் காணாமல் போய்விடும், மிஞ்சுவது மெலிந்த குரலும் கீபோர்டும்தான். 'என்னப்பா, ஆளே தூங்கிக்கொண்டு பாடுகிறானே' என்று நண்பர்கள் பாதியில் நிறுத்தியதெல்லாம் அப்படிக் கேட்டபோதுதான். காதை மூடுகிற சுமாரான ஹெட்ஃபோன் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. மொதேகியின் டிரம்ஸ் எவ்வளவு கறாராக நிற்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். மேலே எல்லாம் மிதக்கிற மாதிரி இருக்கும், அடியில் தாளம் நூல் பிடித்தாற்போல் போகும்.

1994இல் ஒஜிமா விலகினார். நால்வராகச் செய்த 'ஆரஞ்ச்' ஆல்பத்தில் ரெக்கேயோடு ஃபங்க்கும் ராக்கும் வெளிப்படையாகக் கலக்கின்றன. மறு வருடம் ஹகசே-சன் விலக, மூவர்தான் மிச்சம். இசை நிறுவனம் மாறி பாலிடோருக்கு வந்தார்கள், வாடகை மணிக்கணக்குக்குப் பயப்படாமல் உட்கார்ந்து வேலை செய்யச் சொந்தமாக ஒரு ஸ்டூடியோவும் கிடைத்தது. அங்கே பிறந்தவைதான் அந்த மூன்று ஆல்பங்கள்: 1996 பிப்ரவரியில் 'கூச்சூ கேம்ப்', அதே வருடம் அக்டோபரில் 'லாங் சீசன்', 1997 ஜூலையில் 'உச்சூ நிப்பொன் செதகாயா'. பதினெட்டு மாதத்துக்குள் மூன்று. மூன்றும் ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

'கூச்சூ கேம்ப்' எட்டுப் பாட்டு. வேலை செய்துகொண்டே கேட்கலாம், வேலையை விட்டுவிட்டும் கேட்கலாம். 'நைட் க்ரூஸிங்' வரும்போது மட்டும் நான் எதையும் செய்வதில்லை. கீபோர்டும் கிடாரும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பரவிக்கொண்டே போக, தாளம் ஒரு அடிகூடக் கூட்டாமல் குறைக்காமல் நடக்கும். விலகிப்போன இருவரின் இடத்தை யாரையாவது கொண்டு நிரப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் அந்த இடத்தை எதிரொலிக்கு விட்டதால்தான் இந்த ஆல்பத்துக்கு இந்த அகலம்.

'லாங் சீசன்' பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. 'சீசன்' என்று தனியாக வெளியிட்ட பாட்டை (சிங்கிள்) விரித்து 35 நிமிடமாக்கிய ஒரே பாட்டுதான் முழு ஆல்பமும். சின்ன ஒரு பியானோச் சுற்று திரும்பத் திரும்ப வரும், குழுவோடு துணைக்கு வாசித்த ஹொன்ஸியின் வயலின் அதன் மேல் ஏறும். நடுவில் மெட்டெல்லாம் கரைந்துபோய் நீர்த்துளிச் சத்தமும் ஆசா-சாங்கின் தாள வாத்தியங்களும் மட்டும் நிற்கும். புதிதாகக் கேட்கிறவர்களுக்கு அந்த நடுப்பகுதி சோதனையாக இருக்கலாம். தாண்டிவிடாதீர்கள். பழைய மெட்டு திரும்பி வருகிற இடத்தின் பலமே அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. இடையில் விளம்பரம் வருகிற செயலியில் இதைக் கேட்க வேண்டாம், அது பெரிய அநியாயம்.

எனக்கு இன்று மிகவும் நெருக்கமாக இருப்பது 'உச்சூ நிப்பொன் செதகாயா'. தலைப்பிலேயே விண்வெளியும் ஜப்பானும் தோக்கியோவின் செதகாயா வட்டாரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முதலில் கேட்கும்போது குளிர்ச்சியாக, ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கும். டிரம் மெஷின் சத்தங்கள், வீட்டிலேயே செய்து கொண்டுவந்தது போன்ற ஒலிகள். மூன்று ஆல்பங்களில் மனதில் இடம் பிடிக்க அதிக நாள் எடுத்துக்கொண்டது இதுதான், விட்டுப் போகாமல் இருப்பதும் இதுதான். 13 நிமிடத்தை நெருங்கும் 'வாக்கிங் இன் தி ரிதம்' பாட்டில் மொத்தமாக எவ்வளவு குறைவாக வாசிக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு ராக் குழுவுக்கு இந்த அடக்கம் எளிதில் வராது.

அப்புறம், 'ஹாச்சிகட்சு நோ கென்ஜோ'. 1998 ஆகஸ்டில் வந்த கச்சேரி ஆல்பம். கச்சேரிப் பதிவுகளை ஸ்டூடியோவில் வெட்டி ஒட்டிச் செதுக்கியது. திறமைக்குக் குறைவில்லை, ஆனால் அந்த வருட டிசம்பர் கச்சேரி வெளிவந்த பிறகு இதற்குத் திரும்ப வேண்டிய தேவை எனக்கு அதிகம் ஏற்படவில்லை.

காஷிவபாரா விலகப் போகிறார் என்பதால் நடத்திய சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சிதான் அந்த டிசம்பர் கச்சேரி: 1998 டிசம்பர் 28, தோக்கியோவின் அகாசாகா ப்ளிட்ஸ் அரங்கில். 1999 மார்ச் 15 அன்று சாட்டோ திடீரென்று இறந்தார். அந்தக் கச்சேரிப் பதிவு அதே வருடம் இரண்டு தட்டுகளாக வெளிவந்தது. 'லாங் சீசன்' இங்கே 41 நிமிடம். ஆல்பத்தில் மிதந்த பாட்டு மேடையில் எரிகிறது. மிச்சியோ செகிகுச்சியின் கிடாரும் ஹொன்ஸியின் வயலினும் மூவரோடு சேர்ந்து, கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு சின்னக் குழுவால் இவ்வளவு சத்தம் எழுப்ப முடியுமா என்று தோன்றும்.

ஜப்பானுக்கு வெளியே இந்தக் குழுவுக்குப் புகழ் வந்தது பல வருடம் கழித்து, இணையம் வழியாக. உயிரோடு இருந்தபோது சாட்டோ பெரிய விற்பனையைப் பார்த்ததில்லை. புதிய ரசிகர்கள் வந்தது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எல்லாப் பாட்டையும் மரண கீதமாகக் கேட்கிற பழக்கமும் கூடவே வந்துவிட்டது, அதில் எனக்கு உடன்பாடில்லை. 'நைட் க்ரூஸிங்' 1995இல் வந்த தனிப்பாட்டு. டிசம்பர் 28 மேடையில் பிரிவு சொன்னது பேஸ் வாசித்தவருக்கு. அன்று யாரும் சாட்டோவுக்கு விடை கொடுக்கவில்லை. அந்தப் பதிவில் கேட்பது உச்சத்தில் இருந்த ஒரு குழுவின் சந்தோஷம், அதைத் துக்கமாக மாற்றிக் கேட்டால் பாதி இசை காதில் விழாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'நியோ யாங்கீஸ் ஹாலிடே'யில் தொடங்கி, 'கூச்சூ கேம்ப்', 'லாங் சீசன்', 'செதகாயா' என்று போய், அதன் பிறகு டிசம்பர் கச்சேரிக்கு வரட்டும். ரெக்கே காதில் பழகியிருந்தால்தான் பின்னால் எதையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று தெரியும்.

பிறகு மொதேகி தோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தார், காஷிவபாரா போலாரிஸ் குழுவுக்குப் போனார். 2005இல் ஹொக்கைதோவின் ரைசிங் சன் விழாவில் விருந்தினர் பாடகர்களோடு ஃபிஷ்மன்ஸ் மறுபடி மேடை ஏறியது. 2007இல் ஹொன்ஸி காலமானார். 2021இல் ரசிகர்களின் பணத்தில் தொடங்கிய ஆவணப்படம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், திரைக்கு வந்தது. வரலாறு தெரிய வேண்டுமானால் அதைப் பாருங்கள், ஆனால் ஆல்பங்களைக் கேட்டு முடித்த பிறகு.