பழைய கத்தியா, புதிய கத்தியா: செவி நரம்புக் கட்டிக்காக மூன்று கதிர் இயந்திரங்களை எடைபோட்ட அனுபவம்

என் மாமியாருக்கு வலது காதில் ஓயாத இரைச்சல் தொடங்கி, தொலைபேசியில் பேசுவது பிடிபடாத அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்தபோது எடுத்த எம்ஆர்ஐயில், செவி நரம்பை ஒட்டி 16 மில்லிமீட்டர் கட்டி ஒன்று தெரிந்தது. புற்று அல்ல, மருத்துவர்கள் அகூஸ்டிக் நியூரோமா என்று சொல்லும் வகை. ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் அது 18 ஆகியிருந்ததால், மண்டையைத் திறக்காமல் கதிர்வீச்சிலேயே அடக்கிவிடலாம் என்று முடிவாயிற்று. ஆனால் எந்த இயந்திரத்தில் என்ற கேள்வி எங்களை இரண்டு மாதம் அலைக்கழித்தது.

மூன்றில் மூத்தது காமா நைஃப். சுவீடனின் நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் ரேடியோ சர்ஜரி, அதாவது கத்திக்குப் பதில் குவித்த கதிர்களால் சிகிச்சை செய்வது, என்ற கருத்தை முன்வைத்தார். அவருடைய முதல் காமா நைஃப் 1968இல் ஸ்டாக்ஹோமில் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றைய மாதிரிகளில் 192 கோபால்ட்-60 கதிரியக்க மூலங்கள் தலையைச் சுற்றி அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு கதிரும் தனித்தனியே வலுக்குறைந்தது. எல்லாம் ஒரே புள்ளியில் கூடும்போதுதான் கட்டிக்கு வேண்டிய அளவு சேர்கிறது. பெயரில் கத்தி இருக்கிறதே தவிர, கதிர் பாயும்போது தோலில் கீறல்கூட விழுவதில்லை.

சைபர் நைஃப் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஆட்லர் உருவாக்கியது. ரோபோ கையில் பொருத்திய லீனாக் (மின்சாரத்தால் எக்ஸ்ரே கதிர் உண்டாக்கும் கருவி), சிகிச்சையின்போதே எக்ஸ்ரே எடுத்துத் தலையின் நிலையைச் சரிபார்த்துக்கொண்டு பல கோணங்களிலிருந்து கதிர் செலுத்துகிறது. தலை அசையாமலிருக்கத் திருகிப் பொருத்தும் சட்டகம் தேவையில்லை. கதிர் அளவை மூன்று அல்லது ஐந்து நாள்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும் வசதியானது. பார்வை நரம்பை ஒட்டிய மெனிஞ்சியோமா (மூளை உறையில் வளரும் கட்டி) போன்றவற்றுக்கு அந்தப் பிரிப்பு பெரிய உதவி. எங்கள் வீட்டுக் கட்டி அந்த இடத்தில் இல்லை.

என் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து விளம்பர ஏடு அனுப்பிப் பரிந்துரைத்தது ஜாப்-எக்ஸ். இதுவும் ஆட்லரின் வடிவமைப்பே. அமெரிக்க அனுமதி 2017இல் கிடைத்தது. கோபால்ட் கிடையாது, 3 மெகாவோல்ட் லீனாக் இரண்டு அச்சுகளில் சுழல்கிறது. கதிர்த் தடுப்பு இயந்திரத்துக்குள்ளேயே இருப்பதால் தடித்த கான்கிரீட் அறை கட்டும் செலவு பெரும்பாலும் மிச்சம். பொறியியலாகப் பார்த்தால் மிக அழகான வேலை. ஆனால் அந்த மிச்சம் முதலில் சேர்வது மருத்துவமனைக்கு. நோயாளிக்குக் கட்டி அடங்குமா என்பதே கணக்கு.

மெதுவாக வளரும் கட்டியில் இந்தக் கணக்கு எளிதன்று. பல செவி நரம்புக் கட்டிகள் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கும். ஆகவே சிகிச்சைக்குப் பின் மூன்று ஆண்டுகள் வளரவில்லை என்பதை வைத்துக்கொண்டு மட்டும் ஓர் இயந்திரத்துக்குச் சான்றிதழ் தர முடியாது. காமா நைஃபுக்குப் பத்து ஆண்டுகளைத் தாண்டிய கண்காணிப்புப் பதிவுகள் உண்டு. பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட கட்டிகள் அடங்கியே இருக்கின்றன. நார்வேயில் 100 பேரிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், உடனே காமா நைஃப் செய்துகொண்டவர்களின் கட்டிகள் நான்கு ஆண்டுகளில் சராசரியாகச் சுருங்கியிருந்தன; காத்திருந்தவர்களுக்குச் சுமார் ஒன்றரை மடங்காகியிருந்தன. ஆனால் கேட்கும் திறன் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்தது. கட்டி அடங்கும், காது திரும்பாது என்பதை யாரும் முதல் சந்திப்பில் சொல்வதில்லை.

ஒரு மருத்துவமனையில் ஆலோசகர் ஒருவர், "வலியே இருக்காது சார், இதுதான் லேட்டஸ்ட்" என்று ஏட்டை நீட்டினார். உள்காதின் கேட்கும் உறுப்பான காக்ளியாவுக்கு எத்தனை கிரே (கதிர் அளவின் அலகு) போகும் என்று கேட்டதற்கு, பேக்கேஜில் எல்லாம் அடக்கம் என்றார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

கடைசியில் வேறோர் இடத்தில் காமா நைஃபையே தேர்ந்தெடுத்தோம். அங்கிருந்த இயற்பியலாளர் திட்டத்தைத் திரையில் காட்டினார்: கட்டியைச் சுற்றி ஒட்டினாற்போல் ஒரு மஞ்சள் கோடு, அந்த எல்லையில் 12 கிரே, நடுவில் 24, காக்ளியாவுக்குச் சராசரி 4க்குக் கீழ். கோபால்ட்டின் அரை ஆயுள், அதாவது அதன் கதிர் வலு பாதியாகும் காலம், ஐந்தேகால் ஆண்டு என்பதால், மூலங்களை மாற்றி எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். நான்கு ஆண்டு என்று தயங்காமல் சொன்னார். அதனால் அளவு குறையாது, படுத்திருக்கும் நேரம்தான் நீளும். அன்று 70 நிமிடம் ஆயிற்று.

குறை என்றால் சட்டகம். புதிய மாதிரிகளில் முகமூடியும் கேமராவும் உண்டு. எங்களுக்குக் கிடைத்தது திருகுகள்தாம். "நாலு எடத்துலயா, மாப்பிள்ளை?" என்று மாமியார் ஒருமுறை கேட்டார். மரப்பு ஊசி போடும்போது என் விரல்களை இறுகப் பிடித்தார்; திருகு இறுகியபோது வலி இல்லை, தலையை யாரோ அமுக்குவதுபோல் இருக்கிறது என்றார். மாலையில் கழற்றியதும் நெற்றியில் இரண்டு பொட்டுப் புண்கள், ஒரு வாரத்தில் ஆறின.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2019இல் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட நவீன சிகிச்சைப் பட்டியலில் இந்த வகைக் கதிர் சிகிச்சை இருக்கிறது. ஆனால் நிறுவனம் தனி உச்சவரம்பு வைக்கலாம். பாலிசியில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுத் தேதி வாங்குங்கள்.

ஆறாம் மாத ஸ்கேனில் கட்டி சற்றே வீங்கி, நடுவில் கறுத்திருந்தது. இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. ஒன்றரை ஆண்டில் மீண்டும் 18க்கு இறங்கியது. மாமியார் தொலைபேசியை இன்னும் இடது காதில்தான் வைத்துப் பேசுகிறார்.