டிடி-02 டூரிங் கார்: நாகர்கோவில் தரையில் எந்த மாற்றம் பலன் தந்தது

ஜப்பானின் டமியா நிறுவனம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட டிடி-02, ரிமோட் டூரிங் கார் ஒன்றைத் தம் கையாலேயே பூட்டி ஓட்ட விரும்புவோர் பலரும் முதலில் வாங்கும் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். உண்மையான காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, 257 மில்லிமீட்டர் சக்கர இடைவெளி, தொட்டிபோல் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் அடித்தளம், நடுவில் ஓடும் ஷாஃப்ட் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் விசை ஆகியவை இதன் அமைப்பு. பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டிய வண்டி எப்படி ஓடியது என்பதோடு நிறுத்திக்கொண்டால் இந்த மதிப்பீடு அரைகுறையாகிவிடும். இந்தச் சேசிஸை வாங்குவோரில் பெரும்பாலானவர்கள் சில வாரங்களுக்குள் ஏதாவது ஒரு பாகத்தை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். எதை முதலில் மாற்ற வேண்டும் என்ற கேள்விக்குத்தான் அவர்களுக்குச் சரியான விடை கிடைப்பதில்லை. ஓராண்டுக்கும் மேலாக, நாகர்கோவிலில் ஒரு பள்ளியின் கான்கிரீட் கூடைப்பந்துத் திடலில், அனுமதி பெற்று, விடுமுறை நாட்களில் ஓட்டிப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

அடிப்படைப் பெட்டியில் பேரிங்குகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் புஷ்கள் (சுழலும் தண்டைத் தாங்கும் வெறும் வளையங்கள்) இருக்கும். துள்ளலை அடக்கும் டேம்பர்களில் எண்ணெய் கிடையாது. ஒரு தண்டின் மேல் ஸ்பிரிங் ஏறி இறங்கும், அவ்வளவே. சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் சஸ்பென்ஷனின் மேல் கைகள் நிலையான நீளம் கொண்டவை என்பதால் சக்கரத்தின் சாய்வை மாற்ற முடியாது. இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. பழகுபவர் சுவரில் மோதினாலும் தாங்க வேண்டும், விலையும் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்ற நோக்கத்தில் செய்த வண்டி இது; அந்த நோக்கம் முழுமையாக நிறைவேறியிருக்கிறது. மெதுவாக ஓட்டும்வரை எந்தக் குறையும் தெரியாது. வேகத்தோடு வளைவுக்குள் நுழையும்போதுதான் முன்பகுதி தாமதமாகத் திரும்புவதும், கான்கிரீட் பலகைகள் சேரும் கோடுகளில் வண்டி துள்ளித் துள்ளி வெளியே விலகுவதும் கண்ணுக்குப் படும்.

முதல் மாற்றமாகப் பேரிங்குகளைப் போட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. 5 மில்லிமீட்டர் உள்விட்டமும் 11 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் கொண்ட பேரிங்குகள் எளிதில் கிடைக்கின்றன. சக்கரம் நெடுநேரம் சுற்றுவது அவற்றின் வெளிப்படையான பலன். சக்கரம் அச்சில் ஆடாமல் நிற்பதையே நான் பெரிய பலனாகக் கருதுகிறேன். மார்த்தாண்டத்தில் பைக் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமா இந்த வண்டியை ஒரு முறை கையில் எடுத்து, முன் சக்கரங்களை இரண்டு விரல்களால் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, “மக்களே, இவ்வளவு பிளே வச்சுக்கிட்டு அலைன்மென்ட் பாத்து என்ன காரியம்? முதல்ல ஆட்டத்த எடு” என்றார். அவர் காட்டிய ஆட்டம் ஸ்டீயரிங் இணைப்புகளில் இருந்தது. புஷ்களின் மேல் சுழலும் அந்த இணைப்புகளுக்குப் பதிலாகப் பேரிங் பொருத்திய அலுமினிய ஸ்டீயரிங் செட்டையும், பெட்டியோடு வரும் மென்மையான சர்வோ சேவருக்கு (ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாரை அதிர்ச்சியிலிருந்து காக்கும் பாகம்) பதிலாக இறுக்கமான ஸ்பிரிங் கொண்ட ஒன்றையும் போட்ட அன்று, வண்டி நேர்க்கோட்டில் அலையாமல் ஓடியது. அதற்குமுன் நேராகப் போவதற்கே ரிமோட்டை ஓயாமல் திருத்திக்கொண்டிருந்தேன். ஆனால் ஆட்டத்தை எடுப்பதாக எண்ணிச் சஸ்பென்ஷன் கைகளின் பின்களை இறுக்கிவிடக் கூடாது. டேம்பரைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கி விட்டால், அது தன் எடையிலேயே தடையின்றிக் கீழே விழ வேண்டும்.

அடுத்து எண்ணெய் டேம்பர்கள். டமியாவின் சிவிஏ வகை டேம்பர்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை என்றாலும் இந்தச் சேசிஸுக்குப் போதுமானவை. ஒரு துளை, இரண்டு துளை, மூன்று துளை கொண்ட பிஸ்டன்கள் அவற்றோடு வருகின்றன. துளை குறையக் குறைய டேம்பர் கடினமாகும். எண்ணெயை நிரப்பிய பின் பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கி, குமிழிகள் முழுவதும் மேலே வந்து உடையும்வரை காத்திருக்க வேண்டும். நான் முதல் முறை அவசரப்பட்டதில் நான்கு டேம்பர்களும் நான்கு விதமாக வேலை செய்தன. இடப்பக்க வளைவில் ஒழுங்காகத் திரும்பிய வண்டி வலப்பக்க வளைவில் பின்புறத்தை வீசியது. ஒரு மாலை முழுவதும் அதன் காரணத்தை டயர்களில் தேடிக்கொண்டிருந்தேன். எண்ணெயின் கெட்டித்தன்மையை (எண் ஏற ஏறக் கெட்டி) தேர்ந்தெடுக்கும்போது நம் மாவட்டத்து வெயிலைக் கணக்கில் எடுத்துக்கொள்வது அவசியம். சிலிகான் எண்ணெயும் சூடேறினால் இளகும் என்பதால், காலை ஏழு மணிக்கு 400 எண் எண்ணெயோடு அமைதியாக ஓடிய வண்டி, பதினொரு மணிக்குக் கான்கிரீட் கொதிக்கும்போது மிதப்பதுபோல் நடந்துகொண்டது. இப்போது முன்னும் பின்னும் 500 எண் எண்ணெயை இரண்டு துளைப் பிஸ்டனோடு வைத்திருக்கிறேன். பங்குனி, சித்திரை மாதங்களில் இன்னும் ஒரு படி ஏற்றலாம்.

இனி டயர். இதைப் பற்றித்தான் நான் மிகுதியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மற்ற எல்லா மாற்றங்களையும் சேர்த்தாலும் டயர் தந்த வேறுபாட்டுக்கு ஈடாகாது. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவன் என்பதால், பால் வெட்டுவதும் ஷீட் அடிப்பதும் எனக்குப் பழக்கமான காட்சிகள். ஆனால் ரப்பரின் கலவை ஒரு வண்டியின் போக்கை இந்த அளவுக்கு ஆளும் என்பதை இந்தச் சிறிய சக்கரங்கள்தான் எனக்குக் கற்றுத் தந்தன. டூரிங் பந்தய டயர்களில் 24, 28, 32, 36 என்று கலவைக்கு எண் இடும் வழக்கம் உண்டு. எண் ஏற ஏற, சூடான தரைக்கு ஏற்ற கடினமான கலவை என்று பொருள். குளிர்ந்த தரைக்கான மென்மையான கலவையை நம் ஊர் வெயிலில் ஓட்டினால், தொடக்கத்தில் நன்றாகப் பிடித்துவிட்டு, சூடேறியதும் குழைந்து வழுக்கத் தொடங்கும். விரைவில் தேய்ந்தும் போகும். 36 எண் கலவையே நண்பகலில் எனக்குக் கடைசிவரை ஒரே சீராகப் பிடித்தது. மழைச்சாரல் நின்ற பின் தரை ஆறியிருக்கும் காலைகளில் அதே டயர் பிடிக்கச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் பெறும் மாவட்டம் என்பதால் 28 எண் செட் ஒன்றையும் கையில் வைத்திருக்கிறேன்.

கலவை சரியாக இருந்தும் தூசி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஓட்டுவதற்குமுன் தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால் திடலைக் கூட்டுவதும், ஒவ்வொரு பேட்டரி முடிந்ததும் டயரை ஈரத்துணியால் துடைப்பதும், எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாத மேம்பாடுகள். டயருக்குள் வைக்கும் ஃபோம், ரிம்மோடு சேர்த்து ஒட்டும் பசை ஆகிய இரண்டிலும் சிக்கனம் கூடாது. பசை ஓரிடத்தில் விட்டாலும் வளைவின் நடுவில் டயர் ரிம்மிலிருந்து பிதுங்கி, வண்டி காரணமில்லாமல் நடுங்குவதுபோல் தோன்றும்.

இவற்றுக்குப் பிறகு பின்புறத்தின் நிலைத்தன்மையைப் பார்க்கலாம். பின் சக்கரங்களை 2.5 டிகிரி உள்நோக்கித் திருப்பி நிறுத்தும் அலுமினியப் பாகம் இந்தச் சேசிஸுக்குத் தனியாகக் கிடைக்கிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது விசையைச் சற்று முன்னதாகவே கொடுக்கலாம் என்ற துணிவை எனக்குத் தந்த பாகம் அது. இடம், வலம் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலில், முன்னதில் கெட்டியான கிரீஸை நிறைத்து, பின்னதை இலகுவாக விட்டிருக்கிறேன். விசை கொடுக்கையில் முன்புறம் வண்டியை இழுத்துச் செல்கிறது. வளைவின் தொடக்கத்தில் திரும்பும் கூர்மை சிறிது குறைவதை அதற்கான விலையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். நீளத்தை மாற்றக்கூடிய மேல் கைகளைப் போட்டு, சக்கரங்களை உட்புறமாக ஒன்றரை டிகிரி சாய்த்ததில் டயரின் வெளி விளிம்பு மட்டும் தேய்வது நின்றது. இடையிடையே டயரின் தேய்மானத்தைக் கூர்ந்து பார்ப்பவருக்கு எந்தக் கருவியும் சொல்லாததை அது சொல்லும்.

பணத்தை வீணாக்கிய ஒரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், கைகள் முதல் சக்கரம் பொருந்தும் ஹப் வரை எல்லாம் அடங்கிய மலிவான அலுமினியத் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். நீல நிறத்தில் பளபளத்த அந்தப் பாகங்களின் துளைகள் ஒன்றோடொன்று நேராக அமையவில்லை. பேரிங்குகள் சில இடங்களில் தளர்ந்தும் சில இடங்களில் அழுத்தினாலன்றி நுழையாமலும் இருந்தன. பேரிங்கும் ஸ்டீயரிங் செட்டும் போட்டு நான் எடுத்திருந்த ஆட்டம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. ஒரு முறை மோதியதில் கை வளைந்தது. பிளாஸ்டிக் கை மோதும்போது வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும், அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான். பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் கைகளையே மறுபடியும் போட்டுவிட்டேன். டமியா ஸ்குரூக்கள் ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தரத்தில் அமைந்தவை என்பதால், சாதாரண நட்சத்திர முனைத் திருப்புளி அவற்றின் தலையை அரித்துவிடும். அந்தத் தொகுப்புக்குச் செலவழித்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டே சரியான ஜேஐஎஸ் திருப்புளி ஒன்றை வாங்கியிருக்கலாம். பிளாஸ்டிக்கில் ஸ்குரூவை மறுபடி ஏற்றும்போது, முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பி, பழைய புரியில் விழும் சிறு துடிப்பை உணர்ந்த பின் இறுக்குவது நல்லது.

மோட்டாரைப் பொறுத்தவரை, பெட்டியின் 540 அளவு மோட்டாரையும், அதன் தண்டிலுள்ள 22 பல் பினியனையும், அது சுழற்றும் 70 பல் ஸ்பர் பல்சக்கரத்தையும் அப்படியே விட்டிருக்கிறேன். அவை தரும் 8.27 என்ற இறுதி விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற மோட்டார் 8.27 சுற்றுச் சுற்றும்) ஒரு கூடைப்பந்துத் திடலுக்குப் போதும். பிடிப்பும் டேம்பரும் சரியாவதற்குமுன் மோட்டாரை மாற்றுபவர், தவறான இடத்துக்கு விரைவாகப் போய்ச் சேர்வார்.

கடலை ஒட்டிய ஊர்களில் ஓட்டுவோருக்கு ஒரு வார்த்தை. முட்டம், குளச்சல் பக்கத்துக் காற்றில் உள்ள உப்பு, பேரிங்குகளையும் எஃகு ஸ்குரூக்களையும் விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். ஓட்டி முடித்ததும் பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிட்டு, பேரிங்குகளில் ஒரு துளி எண்ணெய் விடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று இலேசான பாலிகார்பனேட் பாடியைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த நாட்களில் பாடியைத் தாங்கும் கம்பிகளில் கிளிப்பை ஒரு துளை கீழே இறக்கிப் போட்டால் வண்டி தடுமாறுவது குறையும்.

புதிதாக வாங்குவோர் பேரிங்குகளும் எண்ணெய் டேம்பர்களும் முன்கூட்டியே அடங்கிய டிடி-02ஆர் பதிப்பைத் தேடிப் பார்க்கலாம். தனித்தனியாக வாங்கும் அலைச்சல் மிச்சமாகும். அடிப்படைப் பெட்டியே கையில் இருந்தால், பேரிங், டயர், டேம்பர், ஸ்டீயரிங் என்ற வரிசையில் ஒரு மாதத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். ஒரே நாளில் இரண்டை மாற்றினால், எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது.