மேஸ்திரிக்கு எந்த ஜிஎஸ்டி: காம்போசிஷனா, ரெகுலரா?

பொள்ளாச்சிப் பக்கம் தனி வீட்டுக்கு வெறும் கூலி காண்ட்ராக்ட் எடுத்தால் ஜிஎஸ்டியே கிடையாதுங்க. மெட்டீரியலோடு எடுத்து, வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் இந்தக் கேள்வி வரும்.

காம்போசிஷன் என்பது சின்னத் தொழில்காரர்களுக்கான எளிய வரித் திட்டம்; வருட வரவு 50 லட்சம் வரைதான். வரி 6 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். ஆனால் அதை வீட்டுக்காரரிடம் தனியாக வாங்கக் கூடாது. 40 லட்சத்துக்கு வேலை செய்தால் 2,40,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். சிமென்ட், கம்பிக்குக் கடையில் கொடுத்த வரியும் திரும்பாது. ரேட் பேசும்போதே இதையெல்லாம் சதுரடிக் கணக்கில் ஏற்றிவிட வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

ரெகுலர், அதாவது வழக்கமான ஜிஎஸ்டி முறையில் 18 சதவீதம்; இதை வீட்டுக்காரரிடம் வாங்கலாம். கேட்டதும் வீட்டுக்காரர் முகம் சுருங்கும். கடை பில்லில் உள்ள வரியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது நமக்கு ஆறுதல். திருப்பூர் பனியன் கம்பெனியில் பெயிண்ட், ரிப்பேர் வேலை என்றால், செலவுக் கணக்கில் எழுதி, நம் பில்லில் உள்ள வரியை அவர்களும் கழித்துக்கொள்வார்கள். புதுக் கட்டடத்துக்கு அது நடக்காது.

தனி வீடு மட்டும் கட்டுபவருக்கு என் ஓட்டு காம்போசிஷனுக்கே. ஒன்று மட்டும்: அதில் இருந்துகொண்டு வாளையார் தாண்டி அடுத்த மாநிலமான கேரளாவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்கூட எடுக்க முடியாது.