லைட்னிங்கா, டைப்-சியா?

போன் சார்ஜர் ஓட்டைகளில் செருகும் சுகத்தை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இன்னமும் ஐபோனின் பழைய லைட்னிங்குக்குத்தான். 2012-இல் ஐபோன் 5-உடன் வந்தது. அதில் போன் பக்கம் இருப்பது வெறும் குழி. நாக்கு கேபிளில் இருக்கிறது. இன்றைய போன்களில் இருக்கும் டைப்-சியில் மெல்லிய நாக்கு ஒன்று போனுக்குள்ளேயே நிற்கிறது. சட்டைப்பை பஞ்சு அடைத்துக்கொண்டால், பல்குச்சியால் நோண்டும்போது கை பதறக் கூடாது.

மற்றதில் எல்லாம் டைப்-சிதான் கெட்டி. 24 பின்கள், அதாவது மின்தொடர்பு முனைகள். லேப்டாப்பை சார்ஜ் செய்யும், மானிட்டருக்குப் படம் அனுப்பும், 240 வாட் வரை தாங்கும். ஆனால் ஓட்டையின் வடிவத்தைப் பார்த்துத் தகவல் அனுப்பும் வேகத்தை நம்பிவிடாதீர்கள். ஐபோன் 15-இல் டைப்-சி வந்தும் வேகம் அதே பழைய, நொடிக்கு 480 மெகாபிட். கூடக் காசு கொடுத்து 15 ப்ரோ வாங்கினால் 10 ஜிகாபிட். அதற்கும் பெட்டியில் வரும் கேபிள் போதாது, தனியாக வாங்க வேண்டும்!

இந்த மாற்றம் ஆப்பிளின் பெருந்தன்மை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் போட்டது; 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புது போன்களுக்கு டைப்-சி கட்டாயம். சட்டம் போட்டால் புதுமை முடங்கும் என்று ஆப்பிள் முனகியது. 11 வருஷம் ஒரே லைட்னிங்கைக் கட்டிக்கொண்டு அழுத கம்பெனி பேசுகிற பேச்சா இது?