மாடி ரூம் கட்டின டீம்: வேலை நல்லாருக்கு, கூலி நோட்டுதான் உறுத்துது

மதுரையில எங்க வீட்டு மாடியில ஒரு ரூமும் பாத்ரூமும் எடுக்க மேஸ்திரி ஒருத்தர்கிட்ட குடுத்திருந்தோம், போன வாரம் முடிஞ்சுது. சாமான் நாங்க வாங்கிக் குடுத்தோம், கூலி நாள் கணக்கு, சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கூலி எழுதி வச்ச நோட்டப் பாத்து பைசல். வேலை சுத்தம். மட்டப்பலகை வச்சுப் பாத்தேன், பூச்சுல எங்கயும் மேடு பள்ளம் இல்ல, ரெண்டு மழைக்கும் ஒழுகல, சொன்ன தேதிக்கு நாலு நாள்தான் தள்ளிப்போச்சு.

ஆனா அந்த நோட்டு. கொத்தனாருக்கு 1100, நிமிந்தாளுக்கு (கூடமாட வேலை செய்யுற ஆம்பளை ஆளு) 850, சித்தாளுக்கு (அதே மாதிரி பொம்பளை ஆளு) 600. எலக்ட்ரீசியன் பாயிண்ட் கணக்கு, டைல்ஸ் ஒட்டுறவர் சதுர அடி கணக்கு, அவரு மதியத்துக்குள்ள தரைய முடிச்சுட்டு அடுத்த சைட்டுக்குக் கிளம்பிட்டாரு. நாள் கூலிக்காரங்க எவ்ளோ வேகமா செஞ்சாலும் ஆறு மணி வரைக்கும் நிக்கணும், காசும் அதேதான்.

கொத்தனாருக்கு கூடுதல் குடுக்குறது நியாயம், தூக்குக்குண்டு புடிச்சு சுவர் எடுக்குறது சும்மா வந்துராது. சித்தாள் அக்கா 18 வருசமா இந்த வேலைக்கு வர்றாங்க, செங்கல் கட்டுக்கு சிமெண்ட் 1க்கு மணல் 6, பூச்சுக்கு 1க்கு 4னு கலவை பூரா அவங்க கைதான், மணல் ஈரமா இருந்தா தண்ணியக் கொறைக்கணும்னு அவங்களுக்கு பாத்ததும் தெரியுது, நிமிந்தாள் தம்பி வந்தே ரெண்டு வருசம் ஆகுது, கலவை போட அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்னு அவனே சொல்றான், செங்கல்லும் ரெண்டு பேரும்தான் சுமக்குறாங்க. அப்புறம் எதுக்கு 250 ரூபா கம்மி? ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலின்னு 1976லயே சட்டம் வந்தாச்சு.

மேஸ்திரிகிட்ட கேட்டேன். "ஊர் ரேட்டே அதுதான் சார், நான் கூட்டுனா மத்த மேஸ்திரிங்க சண்டைக்கு வருவாங்க"ன்னாரு. கடைசி ரெண்டு வாரத்துக்கு வித்தியாசத்த நாங்க போட்டோம், அவரும் மறுக்காம நோட்டுல 850ன்னே எழுதினாரு, அதுக்காக அவர மதிக்குறேன். முதல் நாளே கேட்டிருக்கணும், அது என் தப்பு.

வேலைக்கு 5க்கு 4.5 குடுப்பேன், கூலிக்கு 2தான். யாராச்சும் இவருகிட்ட வேலை குடுத்தா மொத்த ரேட்ட மட்டும் பேசாதீங்க, சித்தாளுக்கு எவ்ளோன்னு தனியா கேட்டு, உங்க சைட்டுல எவ்ளோ குடுக்கணும்னு அட்வான்ஸ் குடுக்குறப்பவே நோட்டுல எழுத வச்சிருங்க.